பதினோராவது இலை

முதல் ஆள் உப்புப் பாத்தியிலிருந்து எழுந்து வந்தது மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்பதால் எங்களில் யாரும் தூக்குச்சட்டியை மூடிவிட்டு எழுந்திருக்கவில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தலையில் கரி நிறத்தில் ஒரு உயரத் தொப்பி, கையில் நுனி வளைந்த ஒரு மட்டை என்று உப்புக்குள்ளிருந்து மெல்ல நிமிர்ந்து, உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு வரப்பில் ஏறி, வாரிய உப்பைக் குவித்து வைக்கிற தட்டுமேட்டுக்கு நேராக வந்து, அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஞானவிளைப் பெண்களுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் குனிந்தான். அருளாபரணம்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"தண்ணி வேணுமாய்யா?"

ஒரு குடத் தண்ணீரையும் அவன் ஒருவனே குடித்தான். உப்புக்குள் கிடந்தவனுக்குத் தாகம் எடுக்காதா என்று சொல்லிக்கொண்டே அவள் அடுத்த குடத்துக்குப் போனாள், அவள் திரும்பி வருவதற்குள் பக்கத்துப் பாத்தியிலிருந்து இன்னும் நாலைந்து பேர் எழுந்து சட்டையை உதறிக்கொண்டிருந்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் வரப்பெல்லாம் வெள்ளைக்காரர்கள். தாடி வைத்தவர்கள், மீசை முறுக்கியவர்கள், புள்ளி போட்ட சட்டைக்காரர்கள், கோடு போட்ட குல்லாக்காரர்கள், வைக்கோல் தொப்பிக்காரர்கள். ஏன் வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்று ஊரில் ரொம்ப யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கோயில் மணி அடிக்கிற கோயில்பிச்சை, "கருவாடு உப்புல கெடந்தா கெடுதா என்ன? அந்த மாதிரி துரைமாரும் எங்கயோ கெடந்து வந்திருப்பாவ" என்றார். எல்லாருக்கும் அது போதுமானதாக இருந்தது. போதகர் வேதத்தில் உப்பைப் பற்றி வருகிற வசனம் ஒன்றைக் கண்டுபிடித்து ஞாயிற்றுக்கிழமை வாசித்தார். தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்து, இவர்கள் எந்த இலாகாவில் வருவார்கள் என்று எங்களையே கேட்டுவிட்டு, ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போனவர் அப்புறம் வரவில்லை.

இவர்கள் யார் என்று சொன்னது எபனேசர் சார். பாளையங்கோட்டையில் ஒரு காலேஜ் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊரோடு வந்தவர், எந்தப் பொருளும் அதனதன் தட்டில் இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். தட்டுமேட்டில் நின்று கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்துவிட்டு, "இவங்க இங்கிலாந்து கிரிக்கெட் அணிகள். ஒரு காலத்து ஆளுங்க இல்ல, பல காலத்து ஆளுங்க. எல்லாம் கலந்து கெடக்கு" என்றார், கொட்டிக்கிடக்கிற புத்தக மூட்டையைப் பார்க்கிற மாதிரி ஒரு வேதனையோடு.

வந்தவர்களைப் பட்டினி போடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. பள்ளிக்கூடத்து வராந்தாவில் கொஞ்சம் பேர், வீட்டுக்கு ரெண்டு பேராகக் கொஞ்சம் பேர் என்று பிரித்துக்கொண்டோம். அவர்களும் சும்மா இருக்கவில்லை, மறுநாளே பாத்தியில் இறங்கி உப்பு இழுத்தார்கள். மட்டை பிடித்த கை ஆனதால் உப்பு இழுக்கிற பலகையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வேலையோடு வேலையாக எங்கள் பேச்சும் வந்துவிட்டது, ஒரு தாடிக்காரர் உப்பளத்துச் சூப்பர்வைசரைப் பார்த்து "என்னவே, இன்னைக்கு லேட்டு?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. சாயந்திரம் டீக்கடை டிவியில் மேட்ச் ஓடினால் ரெண்டு பெஞ்சையும் அவர்களே பிடித்துக்கொள்வார்கள். ரெண்டே குச்சி நட்டு ஆடிய காலத்து ஆள்கள், மூணு குச்சிக்காரர்களைப் பார்த்து, "எதுக்குவே மூணாவது குச்சி, உங்களுக்குக் கண்ணு தெரியாதா?" என்று சண்டைக்குப் போவார்கள். டீக்கடை தவசிமுத்துதான் வடையைக் கொடுத்துச் சமாதானம் பண்ணுவார்.

ஒரு நாள் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோதுதான் அது நடந்தது. உயரத் தொப்பிக்காரர்கள் பதினோரு பேரும் தற்செயலாக ஒருவர் பின் ஒருவராக, நடுவில் வேற்றாள் யாரும் இல்லாமல் நின்றுவிட்டார்கள். நின்றவர்கள் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள், கை குலுக்கிக்கொண்டார்கள், அப்புறம் பாத்திக்குள் இறங்கி, முழங்கால், இடுப்பு, கழுத்து என்று உப்புக்குள் போய், கடைசியில் தொப்பியும் போய், மேலே உப்புப் படிவம் கீறல்கூட விழாமல் மூடிக்கொண்டது. மற்றவர்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒரு வயசான மீசைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். ஓகோ, ஒரே அணி ஆள்கள் முழுசாகச் சேர்ந்து நின்றால் வீடு போய்ச் சேருவார்கள் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தெரிந்த மறுவாரமே புரட்டாசித் தூறல் ஒன்று போட்டது. ஓடி ஒதுங்குவதற்குள் ஒரு குல்லாக்காரருக்கு இடது காது மடல் கரைந்து தோளில் வெள்ளையாக வழிந்துவிட்டது. வலிக்கவில்லை என்றார், ஆனாலும் அன்று ராத்திரி எந்த வீட்டிலும் துரைமார் சாப்பிடவில்லை. உப்பிலிருந்து வந்தவர்கள் அல்லவா, ஐப்பசி மழை இறங்கினால் ஒருவர்கூட மிஞ்சமாட்டார்கள். அதற்குள் இவர்களை அணி அணியாகப் பிரித்தாக வேண்டும்.

எபனேசர் சார் தூத்துக்குடிக்குப் போய் ஒரு கட்டு அட்டை வாங்கிவந்தார். ஆளுக்கு ஒரு அட்டை. எந்த அட்டை எந்த அணிக்கு என்று தெரிந்தால் வேலை முடிந்தது. அவர்களையே கேட்கலாம் என்றால், உப்புக்குள் கிடந்த கிடையில் பெரும்பாலானவர்களுக்குத் தன் அணி எது என்றே மறந்துபோயிருந்தது. முதலில் உடுப்பை வைத்துப் பிரிக்கலாம் என்று இறங்கினார். ஆனால் வேலை செய்து செய்து அவர்கள் சட்டையெல்லாம் கிழிந்து, எங்கள் பெண்கள் எல்லாவற்றையும் ஒரே கொடியில் துவைத்துப் போட்டு, அவனவன் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு, பாதிப்பேர் கைலி பனியனுக்கே வந்துவிட்டார்கள். புள்ளிச் சட்டை இன்றைக்கு ஒருவர் உடம்பில், நாளைக்கு இன்னொருவர் உடம்பில். சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்புறம் பெயரை வைத்துப் பார்த்தோம். இதில் தப்பு எங்களுடையது. பெயரோடு இருக்கிற எழுத்து நம் ஊரில் அப்பன் பெயர்தானே. சார் இன்னொரு கட்டு அட்டை வாங்க மறுபடியும் தூத்துக்குடிக்குப் போயிருந்த நேரத்தில் ஊர்ப் பெண்கள் கூடி, டி எழுத்துக்காரர்களையெல்லாம் ஒரே அப்பன் பிள்ளைகள் என்று ஒரு வீட்டில் போட்டு, டபிள்யூ எழுத்துக்காரர்களை இன்னொரு வீட்டில் போட்டு, அண்ணன் தம்பியை ஒன்றுசேர்த்த புண்ணியத்தோடு கறி எடுத்து ஆக்கிப் போட்டார்கள். ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் அம்பது வருஷ இடைவெளி, ஒருவன் பேச்சு ஒருவனுக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு வயித்துப் பிள்ளையளுக்கு என்ன இப்படி ஆகாமப் போச்சு? சொத்துத் தகராறோ?" என்று கவலைப்பட்டாள் தங்கபுஷ்பம். "இன்னா, இவன் அப்பன் எழுத்தப் பேருக்குப் பின்னால போட்டிருக்கான். கொழுப்பப் பாரேன்."

சார் திரும்பி வந்துதான் விவரம் கேட்டுச் சொன்னார். எழுத்து அப்பன் பெயர் இல்லை. அந்தக் காலத்து ஆட்டப் பலகையில் பெயருக்கு முன்னால் எழுத்து இருந்தால் அவர் சும்மா ஆசைக்கு ஆடுகிற துரை. பின்னால் இருந்தால் கூலிக்கு ஆடுகிற ஆள். ஒரே அணிதான், ஆனால் மைதானத்துக்குள் வர வேறு வேறு வாசல், உடுப்பு மாற்ற வேறு வேறு அறை, சாப்பாடும் வேறு வேறு இடம்.

கறிச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"அங்கயுமா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"வெள்ளையா இருந்தா மட்டும் போதாது போல" என்று சொல்லிவிட்டு அருளாபரணம் ஓலைப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள். போனவள் நெஞ்சில் வேறொரு பாரமும் இருந்தது.

எல்லாரும் எழுந்து வந்து முடிந்த பிற்பாடு, கடைசியாக ஒருவன் தனியாக எழுந்து வந்திருந்தான். பெக் என்று பெயர், மீசை சரியாக முளைக்காத முகம். வரப்பில் ஏறினவன் தூரத்தில் ஹாரிங்டன் துரையின் மீசையைப் பார்த்ததும் அருளாபரணத்தின் உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். ஹாரிங்டன் ஒரு அணியின் கேப்டன். அவரையும் சேர்த்து அந்த அணியில் பத்துப் பேர் ஏற்கெனவே ஒருவரை ஒருவர் கண்டுகொண்டு கூடி நின்றுவிட்டார்கள், ஒருவன் மட்டும் குறைவு. அந்த ஒருவன் இவன்தான்.

"ஏன் தம்பி ஒளியுத?" என்று கேட்டதற்கு அவன் ரெண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

அவன் எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்ட பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கு விளங்கியது. "கடைசிப் பந்து, அக்கா. நேரா கையில வந்துச்சு. எங்க அம்மா ரொட்டி கொடுக்க மாதிரி வந்துச்சு. விட்டுட்டேன். ஊரே பாத்துச்சு, தோத்துட்டோம். துரைமாரெல்லாம் அவிய வாசல் வழியாப் போனாவ, எங்க ஆளுங்க எங்க வாசல் வழியாப் போனாவ, நான் ரெண்டு வாசலுக்கும் போகாம வேலி ஏறிக் குதிச்சு ஓடிட்டேன்."

அவள் செத்துப்போன புருஷனுடைய கைலியை எடுத்துக் கொடுத்தாள். சூப்பர்வைசர் கேட்டபோது, "எங்க சித்தி மகன், தோல் வியாதி, நிறம் இப்படித்தான் இருக்கும்" என்றாள். சூப்பர்வைசர் அவனை மேலும் கீழும் பார்த்து, "தலைமுடியும் வியாதியா?" என்றார். "முடியுந்தான்" என்றாள். ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹாரிங்டன் துரை சாயந்திரமானால் தன் ஆட்களோடு தெருத்தெருவாக வந்து, "எங்க ஆளு ஒருத்தர் வரணும், பாத்தியளா?" என்று கேட்கும்போது மட்டும் தெருவே பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்.

ஐப்பசி பிறந்துவிட்டது. கடல் பக்கம் கருப்பாக ஏறிக்கொண்டே வந்தது. அருளாபரணத்துக்குச் சோறு இறங்கவில்லை. காட்டிக்கொடுத்தால் நம்பி வந்தவனுக்குத் துரோகம், மறைத்தால் பத்து உயிர் கரையும், மறைந்திருக்கிற இவனும் சேர்ந்துதான் கரைவான்.

"போயிரு தம்பி. அவிய கரைஞ்சு போவாவல்லா?"

"அவிய மூஞ்சிய எப்படிக்கா பாக்க? வையத்தான் தேடுதாவ."

"வைஞ்சா வைஞ்சிட்டுப் போறாவ."

"வைய வேண்டாம்க்கா. சும்மா பாத்தாலே போதும், செத்துருவேன்."

இப்படி இருக்கும்போதுதான் தவசிமுத்து மகள் கல்யாணம் வந்தது. எபனேசர் சார் பந்தியில் ஒரு இலைக்கு முன்னால் உட்காரப் போனார். பக்கத்தில் இருந்த பெண் சட்டென்று இலை மேல் கை வைத்து, "சார், இங்க ஆள் வருது" என்றாள். சார் அடுத்த இலைக்குப் போனார், அங்கே ஒரு கைக்குட்டை கிடந்தது. அதற்கடுத்ததில் ஒருவர் தன் கண்ணாடிக்கூட்டை வைத்து இடம் பிடித்திருந்தார். சார் உட்காராமல் அப்படியே நின்றுவிட்டார். தன் ஆளுக்கு இடம் பிடிக்காமல் எவனாவது பந்தியில் உட்காருவானா? உடுப்பு மாறும், பெயர் குழப்பும், ஆனால் சோற்றுக்கு உட்காருகிறபோது மனுஷன் தன் ஆளைத்தானே தேடுவான். சார் சாப்பிடாமலே போதகர் வீட்டுக்கு ஓடினார்.

அந்த வாரமே கோயில் அசனம். வருஷத்துக்கு ஒருமுறை ஊரே அரிசி போட்டு, ஊரே ஆட்டுக்கறி ஆக்கி, ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அன்றைக்கு எல்லாத் துரைமாருக்கும் பந்தி போடுவது என்று முடிவானது. சமையலுக்குத் தலைமை அருளாபரணம். பெக்கை அவள் சமையல் கொட்டகைக்குள் அண்டா கழுவ உட்கார வைத்திருந்தாள்.

மணி அடித்ததும் ஒரு காரியம் நடந்தது. கோயில் காம்பவுண்டுக்கு ரெண்டு வாசல். யாரும் சொல்லாமலே, முன்னெழுத்துக்காரர்கள் முன்வாசலுக்கும் பின்னெழுத்துக்காரர்கள் பின்வாசலுக்கும் பிரிந்து போனார்கள், கால் பழகின பழக்கம். சார் முகம் செத்துவிட்டது, இப்படி உட்கார்ந்தால் எந்த அணியும் சேராது. அருளாபரணம் கரண்டியோடு வந்து பின்வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அசனத்துக்கு ஒரு வாசல்தான். துரை சோறு, கூலிச் சோறுன்னு ரெண்டு உலை நான் வைக்கல. எல்லாரும் சுத்தி வாங்க!"

சுற்றி வந்தார்கள். ஒரே வாசலில் இத்தனை பேர் நெருக்கி, தோளோடு தோள் இடித்து, "ஏ பாத்து வே", "காலை மிதிக்காத" என்று உள்ளே நுழைகிற அந்த நெருக்கத்திலேயே ஒருவன் கை இன்னொருவன் தோளில் விழுந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தபோது ஒருவன் இலை மேல் குல்லாவைப் போட்டான், ஒருவன் முழங்காலை நீட்டி இடம் பிடித்தான், ஒருவன் எழுந்து நின்று இன்னொரு மூலையில் இருந்தவனைக் கத்திக் கூப்பிட்டான். முன்னெழுத்தும் பின்னெழுத்துமாக வரிசைகள் தாமாகக் கோத்துக்கொண்டன. சார் ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் ஓடி ஓடி, உட்கார்ந்திருக்கிற வரிசையிலேயே அட்டையை அடுக்கினார். எழுத்தை முன்னால் போடவா பின்னால் போடவா என்று கோயில்பிச்சை கேட்டதற்கு, "எழுத்தே வேண்டாம், பந்தி வரிசை போதும்" என்றார்.

சாப்பிட்டு முடித்த வரிசை முழுசாக எழுந்தது, கை கழுவியது, அருளாபரணத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அளத்துக்கு நடந்தது, உப்புக்குள் இறங்கியது. அடுத்த வரிசை. அதற்கடுத்த வரிசை. காது கரைந்தவர் போகிறபோது கோயில்பிச்சையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கடைசியில் ஒரே ஒரு வரிசை மிச்சம். பத்துப் பேர், பதினோரு இலை. பதினோராவது இலை மேல் ஹாரிங்டன் துரை கையை வைத்திருந்தார். பத்து இலையிலும் சோறு ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் தொடவில்லை. வானம் தலைக்கு மேல் வந்துவிட்டது.

"சாப்பிடுங்க துரை, மழை வருது" என்றார் போதகர்.

"ஆள் வருது" என்றார் துரை.

கொட்டகைக்குள் அருளாபரணம் பெக்கைப் பார்த்தாள், பெக் அண்டாவைப் பார்த்தான். அப்போது கோயில்பிச்சை உள்ளே வந்து குழம்பு வாளியை எடுத்து அவன் கையில் திணித்தார். "ஏ சித்தி மகனே, சும்மா உக்காந்திருக்கியே. பந்தியில குழம்பு கேக்காவ, போ." அருளாபரணம் தடுக்கக் கையைத் தூக்கினாள், தூக்கின கை அப்படியே நின்றுவிட்டது.

தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு அவன் வரிசையில் குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தான். பந்தியில் குனிந்திருப்பவர்கள் பரிமாறுகிறவன் முகத்தை எங்கே பார்க்கிறார்கள், கையைத்தான் பார்க்கிறார்கள். முதல் ஆள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு இலையை நேராக இழுத்துப் போட்டான். ரெண்டாவது ஆளும் அப்படித்தான். மூன்றாவது ஆள் இலையைப் பார்த்தபடியே பக்கத்து ஆளை முழங்கையால் இடித்தான். பத்தாவது இலைக்கு வந்தபோது கரண்டி தவறிக் குழம்பு துரையின் மணிக்கட்டில் கொட்டியது. துரை கையை எடுக்கவில்லை.

"நான்தான் விட்டேன்" என்றான் பெக், எங்கள் தமிழில்.

"தெரியும்" என்றார் துரை. "சோறு ஆறுது, உக்காரு."

பதினோராவது இலையிலிருந்து கையை எடுத்தார்.

அவன் உட்கார்ந்தான். அருளாபரணமே வந்து சோறு போட்டாள், கத்திரிக்காய் வைத்தாள், நல்ல எலும்பாகப் பார்த்து வைத்தாள். அவன் முதல் கவளத்தை வாயில் வைத்த பிறகுதான் மற்ற பத்துப் பேரும் இலையில் கை வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து முதல் துளி விழுந்தது.

பந்தியை யாரும் எழுப்பவில்லை. ஒருவன் வாயில் சோறு இருக்கும்போது எழுந்திரு என்று சொல்ல எங்களுக்கு வராது. ஆனால் தங்கபுஷ்பம் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அளத்துக்கு ஓடினாள், அவள் பின்னால் மற்றப் பெண்கள் ஓடினார்கள். மழைக்கு முன்னால் உப்பு அம்பாரத்தை மூடுகிற பனையோலை இருக்கிறதே, அதை அம்பாரத்து மேலேயிருந்தே உருவிக்கொண்டு வந்தார்கள். வருஷம் பூராவும் இழுத்துக் குவித்த உப்பு அது. மூடியதைத் திறந்துபோட்டுவிட்டு வந்து பந்திக்கு மேலே கூரை மாதிரி ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மழை அடித்தது. உள்ளே பதினோரு பேரும் ரசம் கேட்டார்கள்.

சாப்பிட்டு எழுந்தவர்களை அப்படியே ஓலைக்கடியில் அளம் வரைக்கும் நடத்திக் கொண்டுபோனோம், பதினோரு பேரும் ஒட்டிக்கொண்டு, சுற்றி நாங்கள் நனைந்துகொண்டு. பெக் பக்கத்து ஓலையை அருளாபரணம் பிடித்திருந்தாள். வழியில் அம்பாரங்கள் கரைந்து வெள்ளை வெள்ளையாக ஓடியதை எல்லாரும் பார்த்தோம், பார்த்தபடியே ஓலையை இன்னும் தாழ்த்திப் பிடித்தோம். பாத்திக்குள் இறங்கினார்கள். முழங்கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது. "போயிட்டு வாரேன்க்கா" என்றான் பெக். "போயிட்டு வா" என்றாள். கொஞ்ச நேரம் வெறும் தண்ணீருக்கு மேல் நாங்கள் ஓலையைப் பிடித்துக்கொண்டே நின்றோம்.

நனைந்தபடி காம்பவுண்டுக்குத் திரும்பிவந்து அவள் இலை எடுக்கக் குனிந்தாள். பத்து இலையில் எலும்பும் கத்திரிக்காய்க் காம்பும் கொஞ்சம் சோறும் மழையில் மிதந்துகொண்டிருந்தன. பதினோராவது இலையில் ஒன்றும் இல்லை. கறிவேப்பிலையைக்கூட விடாமல் வழித்துத் தின்றிருந்தான்.

அருளாபரணம் அந்த இலையைத் தூக்கிக் காட்டினாள்.

"பாரேன்" என்றாள் தங்கபுஷ்பத்திடம், "எங்கிட்ட இருந்த நாளெல்லாம் அரை வயிறுதான் தின்னிருக்கான்."